யசோதாக்காவின் குரலில் தூங்கியவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு நேர் எதிரே தீக்காய வார்டு. காலை ஒன்பது மணிக்கு அங்கே கட்டு மாற்றத் தொடங்குவார்கள். பழைய துணியை உரிக்கும்போது அதோடு கொஞ்சம் தோலும் வரும். வலிக்கு ஊசி போட்டிருந்தாலும் கத்துவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நேரம் வந்தால் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அது 1991. நான் புத்தூரிலிருந்து திருப்பதிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்த வார்டில் கட்டு மாற்றும் நர்ஸ்தான் யசோதாக்கா. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பிச்சாட்டூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அவளுடைய நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். சர்க்கார் பட்டா கொடுத்த ஒன்றரை ஏக்கர் பிற்பாடு வந்தது. அவர்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் இவள்தான். சித்தூரில் நர்சிங் முடித்துவிட்டு நேராக இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு. வார்டில் நாள் முழுக்கத் தெலுங்கு பேசிவிட்டு வந்து, "இன்னா வாணி, துன்னியா?" என்று அவள் கேட்டால் எனக்கு ஊருக்குப் போய்விட்டு வந்ததுபோல இருக்கும்.

கணவன் சிட்டிபாபு லாரி டிரைவர். நாயுடுபேட்டையிலிருந்து கல்கத்தா ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தான். தூரத்து மாமன் மகன். குழந்தை இல்லை. மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருப்பான். இருக்கும்போது சத்தமாகச் சிரிப்பான். சண்டை முடிந்த குவைத்துக்கு டிரைவர்கள் நிறையப் பேர் வேண்டும் என்று ஏஜெண்டுகள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த சமயம் அது. 1992 கார்த்திகையில் அவனும் போனான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத வராது. முதல் கடிதத்திலேயே, "ரூமில் என்னோடு இருக்கும் ஒருவர் இதை எழுதுகிறார்" என்று அவன் சொல்ல, அந்த ஒருவரே எழுதியிருந்தார். உருண்டையான, கோடு தாண்டாத கையெழுத்து.

அடுத்த வருஷம் மயக்க மருந்து டாக்டராக நாகபூஷணம் வந்து சேர்ந்தார். பம்பாயில் ஹிப்னாடிசப் பயிற்சி எடுத்தவர். அதைக் கேட்டதும் நாங்கள் எல்லாம் சிரித்தோம். திருவிழாவில் மேடை போட்டு, ஆளைக் கட்டை மாதிரி படுக்க வைத்து, வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்ன வைப்பார்களே, அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஹிப்னாடிசம். டாக்டர் கோபப்படவில்லை. டீ குடிக்கும் நேரத்தில் எங்களை உட்காரவைத்து, "எல்லாரும் கண்ணை மூடுங்கள். ஒரு புளியம்பிஞ்சு. அதில் கல்லுப்புத் தொட்டுக் கடிக்கிறீர்கள். கடிக்கும்போது பல் கூசுகிறது" என்றார். என் வாயில் எச்சில் ஊறியது. கண்ணைத் திறந்து பார்த்தால் எல்லோரும் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கே புளி எங்கே இருக்கிறது? நான் சொன்னது வெறும் வார்த்தை. உங்கள் உடம்பு அதை நிஜமாக எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். மீதி எல்லாம் பழக்கம்" என்றார் அவர்.

தூக்கம் வேறு, இது வேறு என்று முதலில் சொன்னார். பஸ்ஸில் வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்துக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிடுகிறோம் அல்லவா? அப்போது நாம் தூங்கவில்லை. கவனம் முழுக்க ஒரே இடத்தில் போய் நின்றுவிட்டது. சுற்றியிருக்கும் சத்தம் காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை. அந்த நிலைக்கு ஆளைப் பேசிப் பேசி அழைத்துப் போவதுதான் ஹிப்னாடிசம். அங்கே போனபின் சொல்கிற வார்த்தைக்கு உடம்பு சுலபமாக இணங்கும். வலியின் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்பது மூளையின் கையில் இருக்கிறது.

அவர் முதலில் செய்து காட்டியது ரங்கையா என்ற வெல்லம் காய்ச்சும் தொழிலாளிக்கு. சித்தூர்ப் பக்கம். கொதிக்கும் பாகு வலது கையில் முழங்கை வரை கொட்டியிருந்தது. வழக்கமான ஊசியைப் போட்டுவிட்டு, டாக்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தெலுங்கில் மெதுவாகப் பேசினார். மேலே ஃபேன் கொக்கியைப் பார்க்கச் சொன்னார். இமை கனக்கிறது என்றார். மூச்சு விடும்போது தோள் இறங்குகிறது என்றார். பத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி இறக்கினார். நன்றாக இருந்த இடது கை கிணற்றுத் தண்ணீரில் கிடந்து மரத்துப்போகிறது என்றார். பிறகு அந்த மரத்த கையால் வலது கையைத் தொடுவதாக நினைக்கச் சொன்னார், தொட்ட இடமெல்லாம் மரக்கும் என்றார். யசோதாக்கா கட்டை உரித்தாள். ரங்கையா முகம் சுளித்தார், இரண்டு தரம் முனகினார். கத்தவில்லை. முடிந்ததும் ஒன்றிலிருந்து ஐந்து எண்ணி அவரைக் கண் திறக்க வைத்தார் டாக்டர். "வலி இருந்தது, தூரத்தில் இருந்தது" என்றார் ரங்கையா.

அன்று மாலை யசோதாக்கா டாக்டரிடம் போய், "சார், எனக்கு இதைக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்டாள்.

அவளுக்குக் குரல் அமைந்திருந்தது. தணிந்த, அவசரமில்லாத குரல். ஆறு மாதத்தில் டாக்டரைவிட அவள்தான் நன்றாகச் செய்தாள். தெலுங்குக்காரருக்குத் தெலுங்கு, எங்கள் பக்கத்தாருக்கு எங்கள் பேச்சு. வேறு பாஷையில் சொன்னால் மனம் முதலில் அர்த்தம் தேடப் போகும், அப்புறம் எங்கே இறங்குவது என்பாள். எல்லோருக்கும் பலிக்கவில்லை. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் சொன்ன மாத்திரத்தில் ஆழத்துக்குப் போய்விடுவார்கள், அதே அளவு ஆட்களுக்கு எவ்வளவு பேசினாலும் ஒன்றும் ஆகாது, மற்றவர்கள் நடுவில். அதற்கும் படிப்புக்கும், மன உறுதிக்கும் சம்பந்தமில்லை. சிலருக்குச் சுருதி ஞானம் இருக்கும், சிலருக்கு இருக்காது, அது மாதிரி.

வார்டுக்கு வெளியே அவளை 'வசியக்கார சிஸ்டர்' என்றார்கள். சிலர் தங்கள் பிள்ளையை அவள் தொடக் கூடாது என்று சண்டை போட்டார்கள். ஒருத்தர் வேறு விதமாக வந்தார். உள்ளே கிடக்கும் அண்ணனை மயக்கத்தில் வைத்து நிலத்தை எழுதிக்கொடுக்கச் சம்மதிக்க வைக்க முடியுமா என்று காதோடு கேட்டார். "ஆளுக்கு இஷ்டமில்லாதத நான் சொன்னா, முழிச்சிக்கினு என்னையே திட்டுவாரு" என்று சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

சிட்டிபாபு 1994ல் ஒரு மாத லீவில் வந்தான். இளைத்திருந்தான். முன்பு மாதிரி சிரிக்கவில்லை. திரும்பிப் போன அடுத்த வருஷம் கடிதம் வந்தது. ஒரு ரூமில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு ஷிப்ட், ஒருவன் படுக்கும்போது இன்னொருவன் எழுந்து விளக்கைப் போடுகிறான், தூக்கமே வருவதில்லை, வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறது என்று.

அக்கா அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "உங்கிட்ட டேப் ரிக்கார்டர் கீதில்ல வாணி?"

குவார்ட்டர்ஸில் எப்போதும் குழந்தைகள் சத்தம், குழாயடிச் சத்தம். அதனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் எக்ஸ்ரே அறையைத் திறந்து கொடுத்தேன். ஈயத் தகடு பதித்த சுவர். கதவைச் சாத்தினால் வெளியே ஒன்றும் கேட்காது. நான் வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. சரியாகப் பதிவாகியிருக்கிறதா பார் என்று என்னிடமே கொடுத்தாள், பிறகு கொஞ்சம் ஓடியதும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாள். நான் கேட்டது இவ்வளவுதான்:

"மாமா, கண்ண மூடிக்கோ. நம்ம ஊரு அணைப் பக்கம் போலாம் வா. தண்ணில எறங்கற படி கீது பாரு, அதுல நிக்கறோம். வெயிலு போயிட்டுது. மொதப் படி எறங்கு. மூச்ச வுடு…"

"லெட்டருன்னா இன்னொருத்தரு படிச்சிக் காட்டறாரு" என்றாள் அக்கா. "மனசுல இருக்கறத எழுதவே எனக்குக் கையி வராது. இது அவரு காதுல மட்டும் போவும்."

லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டிரைவர் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்பினோம். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கேசட் வந்தது, கேட்டேன், தூங்கினேன். இரண்டு வரி. அக்கா அதைப் பீரோவில் வைத்துக்கொண்டாள்.

1996ல் அவன் அம்மா இறந்தாள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது என்று அவன் வரவில்லை. கொள்ளி போட்டது தம்பி. அதற்கப்புறம் போனும் குறைந்தது. முன்பு மாதம் ஒரு தரம் ஆஸ்பத்திரி எதிரில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவான், அது இரண்டு மாதமாகி, நின்று போனது. அந்தச் சமயத்தில்தான் அக்கா இரண்டாவது கேசட்டை அனுப்பியிருந்தாள். புது இடத்தில் போன் வசதி இல்லை, சம்பளம் சரியாக வராததால் பணம் அனுப்ப முடியவில்லை, கடிதத்தைப் பழைய ரூம் விலாசத்துக்கே போடு என்று கடிதம் சொன்னது. ஆனால் விசித்திரமாக, கடிதங்கள் மட்டும் முன்பைவிட நன்றாக வரத் தொடங்கின. நீளமாக. அன்பாக. நீ சாப்பிடுகிறாயா, வார்டில் வேலை அதிகமா, என்றெல்லாம். 'மழை பெய்யும் ஒரு கேசட் அனுப்பு, இங்கே மழையைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது' என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்தது. அக்கா பூரித்துப் போனாள். ஆடி மாதம் முழுக்க நல்ல மழைக்காகக் காத்திருந்து, எக்ஸ்ரே அறை ஜன்னலைத் திறந்துவைத்து, மழையோடு பேசிப் பதிவு செய்தாள். அடுத்தடுத்து நாலு கேசட்டுகள் போயின.

"தூரம் போனாதான் ஆம்பளைக்கு மனசு தெரியும்போல" என்றாள் ஒரு நாள்.

நாகபூஷணம் டாக்டர் 1999ல் இங்கிலாந்து போய்விட்டார். வார்டில் இந்த வேலையைச் செய்ய அவள் மட்டும் மிஞ்சினாள்.

2001 பங்குனியில் ஒரு நாள், காலை பதினோரு மணி. எக்ஸ்ரே ஜன்னலில் ஓர் ஆள் வந்து, "யசோதா சிஸ்டர் எங்க இருப்பாங்க?" என்று தமிழில் கேட்டான். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. எதிர் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். வார்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். "மூச்ச மெதுவா வுடு… இன்னும் மெதுவா…"

பெஞ்சில் இருந்த ஆளைப் பார்த்தேன். அவன் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. இமை இறங்கிவிட்டது. கையில் வைத்திருந்த பை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அவனுக்குத் தெரியவில்லை. மயக்கமோ என்று நான் ஓடிப் போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அக்கா வெளியே வந்ததும் அவன் கை கூப்பினான். "அக்கா, நானு செங்கல்வராயன். நகரி பக்கம். குவைத்துல சிட்டிபாபு அண்ணன் ரூம்ல இருந்தன்."

அக்காவின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "வாப்பா, வா வா. அவரு எப்பிடி கீறாரு? நீ வந்துட்ட, அவரு எப்போ வர்றாராம்?"

அவன் பையை எடுத்துக்கொண்டான். மூவரும் கேண்டீனுக்குப் போனோம். நான் நழுவப் பார்த்தேன். "நீ எங்கியும் போவாத" என்று அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"லெட்டரெல்லாம் எழுதனது நான்தாங்க்கா" என்றான் அவன்.

"அது தெரியும்பா. மொத லெட்டர்லயே சொன்னாரே."

"அது இல்லக்கா. அண்ணன் ரூம வுட்டுப் போயி நாலு வருசம் ஆவுது."

அக்கா டீ டம்ளரைப் பிடித்தபடியே இருந்தாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். தொண்ணூற்றேழில் சிட்டிபாபு வேறு முதலாளியிடம் வேலை பிடித்து வேறு ஊருக்குப் போனான். அங்கே வீட்டு வேலைக்கு வந்த கடப்பைப் பெண் ஒருத்தியோடு குடித்தனம். ஒரு குழந்தையும் இருப்பதாகக் கேள்வி. கிளம்பும்போது யசோதாவுக்கு என்ன எழுதட்டும் என்று இவன் கேட்டதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்றானாம். அதற்கு அடுத்த மாதம் அக்காவின் கடிதமும் இரண்டாவது கேசட்டும் வந்து சேர்ந்தன.

"திருப்பி அனுப்பியிருக்கணும்க்கா. அனுப்பல. லீவு நாள்ல ரூம்ல போட்டுக் கேட்டோம். எட்டுப் பேரும் தூங்கிட்டோம். அதுக்கப்புறம்… நீங்க எழுதறத நிறுத்திட்டா கேசட்டு வராதேன்னு அவரு எழுதற மாதிரியே நான் எழுதினன்."

"மழை கேசட்டு?"

"நான்தாங்க்கா கேட்டன்."

கேண்டீனில் தட்டுகள் மோதும் சத்தம். யாரோ இட்லிக்குச் சட்னி கேட்டார்கள். அக்கா மேஜையைப் பார்த்தபடி கேட்டாள்: "மொத கேசட்டு. அது அவரு இருக்கும்போது வந்ததுதானே. அதக் கேட்டு அவரு தூங்கனாரா?"

செங்கல்வராயன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். "இல்லக்கா. அஞ்சு நிமிசம் கேட்டாரு. எனக்கு இது ஒத்துக்கலடான்னு எழுந்து வெளிய போயிட்டாரு. தூங்கினேன்னு எழுதுன்னாரு. கீழ் பெட்டுல படுத்துக்கினு இருந்த நான்தான் முழுசாக் கேட்டன்."

"மாமான்னு கூப்ட்டுக்கினே பேசியிருக்கேனே" என்றாள் அக்கா. வெள்ளைப் புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். "எட்டு ஆம்பளைங்க கேட்டீங்களா?"

"எட்டு இல்லக்கா. பக்கத்து ரூம்ல காப்பி எடுத்தாங்க. அவுங்கள்ட்ட இருந்து வேற கேம்புக்குப் போச்சி." அவன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "யாரும் தப்பா நெனைக்கல. கர்னூல்காரரு ஒருத்தரு, தமிழே தெரியாது, அவருதான் மொதல்ல தூங்குவாரு. ஒருத்தவங்க நம்மளப் படுன்னு சொல்றாங்களேன்னு இருந்திச்சி. அந்த அணைய நான் பாத்ததே இல்ல. இப்போ உங்களப் பாக்க வர்றதுக்கு முந்தி பிச்சாட்டூர் போயி பாத்துட்டு வந்தன். நான் நெனச்சிக்கினு இருந்த படி வேற மாதிரி இருந்திச்சி."

அவன் அழத் தொடங்கினான். அக்கா அழவில்லை.

"இப்போ எப்பிடித் தூங்கற?" என்று கேட்டாள்.

"வந்து ரெண்டு மாசம் ஆவுதுக்கா. சரியாவே இல்ல. கேசட்டு தேஞ்சி போச்சி."

வார்டில் பேசுகிற தொனியில் அக்கா சொன்னாள். "கேசட்டுல ஒண்ணும் இல்லப்பா. நான் உனக்கு எதுவும் செய்யல. உம்மனசுதான் செஞ்சிக்கிச்சி, என் பேச்சு வெறும் சாக்கு. உனக்கு அது வந்திச்சி, அவருக்கு வரல. வேணாம்னு நிக்கிற ஆளுக்கு வரவும் வராது." கண்ணுக்கு நேரே ஒரு புள்ளியைப் பார்ப்பது எப்படி, மூச்சை எண்ணுவது எப்படி, மனதுக்குள் தன் குரலிலேயே சொல்லிக்கொள்வது எப்படி என்று அந்தக் கேண்டீன் மேஜையில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு தரம் அவனையே சொல்ல வைத்தாள். "உன் ஊர்ல உனக்குப் புடிச்ச எடத்த நெனச்சிக்கோ. எங்க ஊரு வேணாம்" என்றாள்.

அவன் போனபிறகு என்னிடம் சொன்னாள்: "தூக்கம் வராமயே கெடந்து சாவட்டும்னு ஒரு நிமிசம் தோணிச்சி வாணி." அதோடு வார்டுக்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஆறு மாதம் அவள் யாருக்கும் ஹிப்னாடிசம் செய்யவில்லை. ஊசி போடுவாள், கட்டை உரிப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். ஒன்பது மணிக் கத்தல் திரும்பவும் வராந்தாவுக்கு வந்தது. குவார்ட்டர்ஸில் அவள் வீட்டுக் கதவு சாத்தியே இருக்கும். நான் தட்டினால் திறப்பாள், டீ போட்டுக் கொடுப்பாள், நான் பேசுவதைக் கேட்பாள். சிட்டிபாபுவின் சொந்தக்காரர்களிடம் அவள் எதுவும் கேட்கவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்த பத்திரிகைகளைக்கூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தாள். மனம் எங்கேயும் போய் நிற்கமாட்டேன் என்கிறது, எதைப் படித்தாலும் சுற்றியிருக்கும் சத்தம்தான் கேட்கிறது என்றாள். தனக்குத்தானே செய்துகொள்ளலாமே என்று கேட்டேன். "செஞ்சிக்கலாம். கண்ணத் தெறந்தா இதே வீடுதானே?" என்றாள்.

புரட்டாசியில் சித்தூர்ப் பக்கத்து மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். யமுனா என்று பெயர், இருபது வயது. நீராவிக் குழாய் வெடித்து முதுகும் தோளும் வெந்திருந்தன. தெலுங்குப் பெண். நாலாவது நாள் கட்டு மாற்றும்போது, "அக்கா, ஏதாவது பேசுங்களேன், பயமாக இருக்கிறது" என்று கெஞ்சினாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வசியம் என்றெல்லாம் அவள் கேள்விப்பட்டதில்லை.

யசோதாக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். முன்பு என்றால் படியும் தண்ணீரும் சொல்லியிருப்பாள். இந்தத் தடவை அவளிடமே கேட்டாள்: "உனக்கு எங்கே இருந்தால் நன்றாயிருக்கும்?" அந்தப் பெண் யோசித்துவிட்டு, ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போவது பிடிக்கும் என்றாள். அக்கா அவளை அந்த வேனிலேயே ஏற்றினாள். எந்த ஊர் போகிறது, காற்று எந்தப் பக்கம், பக்கத்தில் யார் என்று கேட்டுக் கேட்டு, அவள் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். அந்தக் காற்று முதுகில் பட்டு எரிச்சல் ஆறுவதாகச் சொன்னாள். கதவருகில் நின்று நான் பார்த்தேன். அந்தப் பெண் தலையணையை இறுக்கிப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

பிறகு அக்கா எப்போதும் அப்படித்தான் செய்தாள். நோயாளியின் இடத்தை நோயாளியிடமே கேட்பது. நகரி நெசவுத் தொழிலாளி ஒருவர் விசைத்தறிச் சத்தம் வேண்டும் என்றார், வாயாலேயே அந்தச் சத்தம் போட்டாள். கல் குவாரிக்காரர் ஒருவருக்குப் பாரம் இறக்கிய லாரியின் மேல் படுத்து வானத்தைப் பார்க்க வேண்டும். முன்னைவிட நிறையப் பேருக்குப் பலித்தது. வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து நர்சுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களோடு பேசும்போது மட்டும் அவள் கொஞ்சம் சிரிப்பாள். மற்றபடி, ஆஸ்பத்திரியில் அத்தனை பேரை ஆற்றியவள் வீட்டில் தனக்கு மட்டும் அரிசி களைந்து, ஒரு தட்டில் போட்டுத் தின்று, கழுவிக் கவிழ்த்தாள். எட்டு வருஷமாக அடுத்த வீட்டில் இருந்துகொண்டு இதை நான் பார்த்தேன். அவளிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

2009 தை மாதம் அவளுடைய செல்லுக்கு ஒரு போன் வந்தது. சிட்டிபாபுவின் தம்பி மனைவி காஞ்சனா, பிச்சாட்டூரிலிருந்து. "அக்கா, மாமா வந்துட்டாரு. ஒண்டியாத்தான் வந்தாரு. கால்ல புண்ணு, நாத்தம் அடிக்குது. டவுனு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியல."

அக்கா லீவு எழுதிக் கொடுத்தாள். கட்டுச் சாமான்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போனாள். கூட வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். அங்கே நடந்ததை அவள்தான் பிறகு சொன்னாள்.

சிட்டிபாபு வாசல் பக்கம் கட்டிலில் படுத்திருந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. இவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். இவள், "படு" என்றாள். காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்து, காஞ்சனா சுற்றியிருந்த பழைய துணியை அவிழ்த்தாள். சர்க்கரைப் புண். உள்ளங்காலில் எலும்பு தெரிகிற குழி. முப்பது வருஷ வேலையில் இப்படிப்பட்ட புண்ணைத் தொடும்போது அவள் கை தானாகவே நிதானிக்கும், கண் நோயாளியின் முகத்தைப் பார்க்கும், வாய் பேசத் தொடங்கும். முகத்தைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தரி வைத்துச் செத்த சதையை வெட்டினாள். அவன் அசையவே இல்லை.

"வலிக்குதா?"

"இல்ல. அந்தக் கால்ல ஒண்ணும் தெரியல. ஒரு வருசமாவே தெரியல."

"நரம்பு செத்துப் போச்சி" என்றாள்.

சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் ஆனது. பாதியில் அவன், "நீ ஏதாச்சும் பேசேன் யசோதா" என்றான்.

"இன்னா பேசறது?"

அவள் அடுத்த பஞ்சை எடுத்தாள். அந்தக் கடப்பைப் பெண்ணைப் பற்றி, குழந்தையைப் பற்றி இவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கட்டி முடித்ததும், "மாத்திரைய வேளைக்குத் துன்னு. செருப்பு இல்லாம கால கீழ வெக்காத. சுடுதண்ணிய கையால தொட்டுப் பாத்துட்டு ஊத்திக்கோ, காலுக்குத் தெரியாது" என்றாள். எல்லா சர்க்கரை நோயாளிக்கும் சொல்வதுதான்.

பத்து நாள் போய் வந்தாள். பத்தாவது நாள் காஞ்சனாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, கை கழுவுவதிலிருந்து முடிச்சுப் போடுவது வரை சொல்லிக்கொடுத்தாள். அவளையே ஒரு தரம் முழுக்கச் செய்ய வைத்துப் பார்த்தாள். சரியாகச் செய்தாள். மீதிப் பஞ்சையும் மருந்தையும் டப்பாவோடு அவளிடமே கொடுத்துவிட்டாள். புண் ஆறிவிடும் என்று தெரிந்தது. ஆறவும் ஆறியது, அந்தக் கால் தப்பியது.

"நாளைக்கி வருவியா?" என்று கேட்டானாம் சிட்டிபாபு.

"டியூட்டி கீது" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னலோர சீட்டு கிடைத்ததாம். சத்தியவேடு ரோட்டில் கம்பெனிகளுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், திருப்பதி வந்து சேர நாலரை ஆகிவிட்டது. வழி முழுக்க எதையும் நினைக்கவில்லை என்றாள். நான் நம்பவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. அன்றைக்கு என் வீட்டில் குழம்பு இருந்தது, ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு, "உள்ள வா வாணி, கொஞ்ச நேரம் உக்காரு" என்றாள். செங்கல்வராயன் வந்து போன நாளிலிருந்து அவளாக என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.